முட்டுக்கட்டை

உங்கள் ஊரில் தேர் உண்டா? இருந்தால் அடுத்த தேரோட்டத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். வடம் பிடிக்கிறவர்களைப் பார்க்காதீர்கள். பெருமாளைக்கூட நிலைக்கு வந்த பிறகு சேவித்துக்கொள்ளலாம். சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் மரக்கட்டையோடு குனிந்தபடியே ஓடுகிற நாலைந்து பேரைப் பாருங்கள். தேரை இழுக்க ஊர் ஜனம் போதும். தேரை நிறுத்தவும் வீதி முனையில் திருப்பவும் அந்த நாலைந்து பேர்தான் வேண்டும். இந்தச் சக்கரத்துக்கு இந்த நொடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நொடி பிசகினால் தேர், முனை வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முட்டுக்கட்டை என்றால் நாம் திட்டுகிற வார்த்தையாக ஆக்கிவிட்டோம். 'எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடறான்' என்கிறோம். தேர்காரர்களிடம் கேட்டால் அது எவ்வளவு பெரிய வித்தை என்று சொல்வார்கள்.

கார் ரேஸைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்குத் தேரைச் சுற்றுகிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் என் அக்கா இருக்கிறாள். பூவராகப் பெருமாள் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. வீட்டு முன்பக்கத்தில் உரக்கடை. அத்தான் 2009-ல் விருத்தாசலம் ரோட்டில் டி.வி.எஸ்.ஃபிப்டியில் வந்துகொண்டிருந்தபோது எதிரே வந்த கார் மோதி இறந்துபோனார். பையனுக்கு அப்போது எட்டு வயது. அதற்குப் பிறகு கடையையும் பையனையும் அக்கா ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினாள். இப்போது கடையை அவன் பார்த்துக்கொள்கிறான். பொறுப்பான பிள்ளை. சிகரெட் கிடையாது, குடி கிடையாது. ஒன்றே ஒன்றுதான், கார்.

சிதம்பரத்தில் இருக்கிற எனக்கு ஒருநாள் ராத்திரி அக்காவிடமிருந்து போன். "தம்பி, இவன் வீராணம் கரையில நூத்திநாப்பதுல போறானாம். லால்பேட்டையில பார்த்தவங்க வந்து சொல்றாங்க. நீ வந்து என்னன்னு கேளு. இல்லேன்னா நான் அந்த வண்டியைக் கொளுத்திடுவேன்."

வீராணம் கரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரில் பார்க்காவிட்டாலும் 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவனோடு குதிரையில் போயிருப்பீர்கள். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் வயல், நடுவில் ரோடு. சீசனில் அந்தப் பக்கத்து ரோடுகளில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று. நடுவில் ஆடு வரும், மாடு வரும், ஸ்கூல் விட்டால் சைக்கிள் வரும். அதில் 140.

போய்ப் பார்த்தேன். பழைய மாருதி எஸ்டீம். 55 ஆயிரத்துக்கு வாங்கினானாம். அதற்குமேல் செய்த வேலைக்கு அதைப்போல் மூன்று பங்கு. லால்பேட்டை பாய் ஒருத்தர் கைவண்ணம். ஹெட்டைச் சீவி, கேம் ஷாஃப்ட்டை மாற்றி, எக்ஸாஸ்ட்டைப் புதிதாக வளைத்து, ஸ்ப்ரிங்கை இறக்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருந்தார்கள். ஸ்டார்ட் பண்ணினால் கடையில் அடுக்கியிருந்த பூச்சிமருந்து பாட்டில்கள் கிலுகிலுவென்று ஆடின.

இந்த எஸ்டீம் சாதாரண வண்டி இல்லை. 1298 சி.சி., நாலு சிலிண்டர். 1999 வாக்கில் வந்த மாடலில் 85 குதிரை சக்தி. எடை குறைவு. 90-களிலும் 2000-களிலும் இந்திய கார் ரேஸ்களில் எங்கே திரும்பினாலும் எஸ்டீம்தான். நம் கல்யாண ஊர்வலங்களில் ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டு போன அதே கார்தான் அங்கே நம்பர் ஒட்டிக்கொண்டு பறந்தது.

"மாப்ளே, இது ரோட்டுக்கு ஆகாதுடா. போலீஸ் பிடிச்சா என்ன சொல்லுவே?" என்றேன்.

சட்டத்தை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பைலைத் திறக்கும்போதே மூடிவிடுவார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மாமா, இதை ஒரே ஒரு தடவை டிராக்ல ஓட்டிப் பாக்கணும். இருங்காட்டுக்கோட்டையில சனி, ஞாயிறு நம்மளை மாதிரி ஆளுங்களையும் விடறாங்க. பணம் கட்டினா போதும். ரேஸ் இல்ல. சும்மா ஓட்டறது."

அக்காவுக்கும் அவனுக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பேசி முடித்தேன். தீர்ப்பு இதுதான்: எஸ்டீம் இனி ரோட்டில் சக்கரம் வைக்கக் கூடாது. டிராக்குக்குப் போவதானால் லாரியில்தான் போகவேண்டும். கூட நானும் போகவேண்டும். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அத்தான் விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தவன் நான். அந்த உரிமையில் தலையாட்டினாள்.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், நெல் மூட்டை ஏற்றுகிற லாரியில் பலகை போட்டு எஸ்டீமை ஏற்றி, கயிறு கட்டி, டிரைவர், பையன், பாய், நான் என்று நாலு பேரும் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல். லாரி ஐம்பதைத் தாண்டவில்லை. நூத்திநாப்பதில் போகிறவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான்.

தமிழ்நாட்டுக்கும் கார் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் இந்த விளையாட்டுக்குத் தாய்வீடே இதுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் வருஷா வருஷம் ரேஸ் நடத்தியது. விஜய் மல்லையா பிற்காலத்தில் பேப்பரில் வந்த காரணங்களுக்கெல்லாம் முன்னால் அங்கே கார் ஓட்டியிருக்கிறார். பிறகு கிளப் தனக்கென்றே ஒரு டிராக்கை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டியது. 1990-ல் திறந்தார்கள். சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

கோயம்புத்தூரில் எஸ்.கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். மாருதி 800-ன் எஞ்சினையே வைத்து, ஒரு ஆள் உட்காருகிற ரேஸ் காரை உருவாக்கி, 'ஃபார்முலா மாருதி' என்று குறைந்த செலவில் எத்தனையோ இளைஞர்களை ஓட்ட வைத்தவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த டிராக்குக்கு அவர் பெயர்தான். ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்த கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நடிகர் அஜித்தும் அதே பள்ளிக்கூடம்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே டிராக் வாசலில் நின்றோம். யார் யாரோ வந்திருந்தார்கள். ஐ.டி. பையன்கள், ஒரு பல் டாக்டர், அப்பாவும் மகளுமாக ஒரு ஜோடி. முதல் வேலை பரிசோதனை. சீட் பெல்ட், பாட்டரி முடுக்கம், பிரேக், டயர், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்க்கிறார்கள். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டாலும் எடுக்கச் சொல்கிறார்கள். பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால்? ஹெல்மெட் கட்டாயம். முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம்.

அடுத்தது பாடம். வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது, மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறான், வழி விடு. வளைவில் முந்தக்கூடாது. நேரான இடத்தில், முன்னால் போகிறவர் கைகாட்டின பிறகுதான் முந்தலாம்.

நம் ரோட்டில் இதில் ஒரு விதியையாவது கடைப்பிடிக்கிறோமா, சொல்லுங்கள்?

முதல் ஓட்டம் இருபது நிமிஷம். மேடையில் நின்று பார்த்தேன். எஸ்டீம் நேர் ரோட்டில் அம்பாகப் போயிற்று. வளைவு வந்ததும் தடுமாறிற்று. டயர் கிறீச்சிட்டது. பல் டாக்டரின் சாதாரண ஹேட்ச்பேக் சத்தமே இல்லாமல் அவனைத் தாண்டிப்போயிற்று. மொபைலில் பார்த்தால் சுற்றுக்கு 2 நிமிஷம் 31 விநாடி.

பாய் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். "தம்பி, சராசரி எம்பத்தெட்டுதான் வருது!"

வீராணத்தில் நூத்திநாப்பது போனவனுக்கு இங்கே 88. முகம் வாடிவிட்டது.

வெள்ளைத் தாடிக்காரர் வந்து ஜன்னலில் கை வைத்தார். "ஆக்ஸிலேட்டரை மிதிக்க எல்லாருக்கும் தெரியும் தம்பி. அதுக்குக் கத்துக்கவேண்டியது ஒண்ணுமில்ல. நீங்க பிரேக் போடக் கத்துக்குங்க" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடாதே. வண்டி நேராக இருக்கும்போதே போட்டு முடித்துவிடு. வளைவின் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, உள் ஓரத்தை உரசி, மறுபடி வெளி ஓரத்துக்கு வா. அப்போது வளைவு, இருப்பதைவிட அகலமாகிவிடும். கண் பானெட்டைப் பார்க்கக்கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்கவேண்டும். கண் எங்கேயோ அங்கேதான் கை போகும், கை எங்கேயோ அங்கேதான் வண்டி போகும்.

கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு ஸ்ரீமுஷ்ணத்துத் தேர் நினைவுக்கு வந்தது. திருப்பத்துக்கு முன்னாலேயே கட்டை போடுகிறார்களே, அதேதான். இழுக்கிறவன் பலசாலி, நிறுத்துகிறவன் வித்தைக்காரன்.

மத்தியானம் இரண்டாவது ஓட்டத்தில், நாலாவது சுற்றில் வண்டி மெதுவாக உள்ளே வந்தது. "பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது மாமா." பாய்க்கு உடனே புரிந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பலமாக பிரேக் போட்டால் அந்த வேகமெல்லாம் சூடாக மாறி டிஸ்க்கில் இறங்கும். அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கு வரும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கிவிடும். கால் அமுக்குகிற அமுக்கு எல்லாம் குமிழிலேயே போய்விடும். ஈரம் ஏறாத புது ஆயிலில் டாட் 3 ரகம் 205 டிகிரி வரைக்கும், டாட் 4 ரகம் 230 டிகிரி வரைக்கும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. காற்றிலிருந்து ஈரம் ஏற ஏற அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் மெக்கானிக்குகள் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மலைப்பாதையில் இறங்குகிற உத்தேசம் இருந்தால் சீக்கிரம் பாருங்கள்.

"ஹேண்ட் பிரேக் போடாதீங்க! சூட்டுல பிடிச்சுக்கும்" என்று பாய் கத்தினார். நம் லாரி டிரைவர் தன் வழக்கப்படி ஒரு கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அங்கேயும் முட்டுக்கட்டை!

சூடு ஆறியதும் பழைய ஆயிலை வெளியே எடுத்து டாட் 4 ஊற்றினோம். நான் டிரைவர் சீட்டில் உட்கார, பாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அமுக்குங்க... பிடிங்க... விடுங்க" என்றார். நாலு சக்கரத்துக்கும் ஆனபோது என் கால் மரத்துப் போயிருந்தது.

ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ். சாப்பிட்டு வந்த பில்லின் பின்பக்கத்தில் பையன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தாடிக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்காம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டபின் ஓடுகிற தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். நல்ல டயர், காய்ந்த ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் போகும்போது பிரேக் போட்டால் நிற்க 18 மீட்டர். 120-ல் 71 மீட்டர். கண் பார்த்து மூளை சொல்லிக் கால் அமுக்க ஒரு விநாடி ஆகும். அந்த விநாடியில் 60-ல் 17 மீட்டர், 120-ல் 33 மீட்டர் ஓடியிருப்போம். ஆக 35 மீட்டரில் நிற்கிற வண்டி, 120-ல் நூறு மீட்டர் தாண்டித்தான் நிற்கும்.

பேனாவை மூடாமலே கேட்டான். "மாமா, அப்பா மேல மோதின வண்டி ரோட்டுல எவ்வளவு தூரம் டயர் கோடு போட்டிருந்துச்சு? நீங்கதானே போனீங்க?"

இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

"கோடே இல்லடா. ஏட்டு டேப் வெச்சு அளக்க வந்தார். அளக்க ஒண்ணுமில்ல."

"அப்ப பிரேக்கே போடலியா?"

"போடல."

பில்லை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் தூங்கவில்லை.

2022-ல் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. காரணங்களில் முதலிடம் அதிவேகத்துக்கு. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு ஏட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஓட்டியதைப் பார்த்தவர்கள் 'என்ன, பையன் பயந்துட்டானா?' என்று கேட்டிருப்பார்கள். நேர் ரோட்டில் முந்தின நாளைவிட வேகம் குறைவு. வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் விளக்கு எரிந்தது. டயர் கத்தவில்லை. பதினோரு மணி ஓட்டத்தில் 2 நிமிஷம் 22. சாயந்திரம் கடைசி ஓட்டத்தில் 2 நிமிஷம் 14. பாய் மறுபடி சாக்பீஸை எடுத்தார். சராசரி கிட்டத்தட்ட 100. அவசரப்படாமலே பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் கூடியிருக்கிறது! பல் டாக்டர் வந்து கைகொடுத்தார். யாருக்கும் கோப்பை கிடையாது, மேடை கிடையாது. வெள்ளைத் தாடிக்காரர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவனுக்கு அது போதும்போல இருந்தது.

டிராக் என்றால் ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இதே டிராக்கில் 2023 ஜனவரியில் கே.ஈ.குமார் என்ற அனுபவசாலி ரேஸில் இறந்தார். அதே ஆகஸ்டில் ஸ்ரேயாஸ் ஹரீஷ் என்ற 13 வயதுப் பையன் பைக் ரேஸில் இறந்தான். ஹெல்மெட்டும் ஆம்புலன்ஸும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனால் அங்கே போகிறவன் ஆபத்தைத் தெரிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். விருத்தாசலம் ரோட்டில் டி.வி.எஸ்.ஃபிப்டியில் வந்தவர் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜரைச் சேவித்து, அக்காவுக்குப் பிரசாதம் வாங்கிக்கொண்டோம். எஸ்டீம் இப்போது கடைக்குப் பின்னால் ஷெட்டில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அடுத்த தேதிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. கடை வேலைக்கு ஓட்டுகிற சாதாரண வேனில் போன வாரம் அவனோடு விருத்தாசலம் போனேன். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவில் ஒரு பஸ் நுழைகிற இடைவெளி விட்டு ஓட்டினான். நிஜமாகவே ஒரு பஸ் நுழைந்தது. ஹாரன்கூட அடிக்காமல் மறுபடி இடைவெளி விட்டான். அத்தான் விழுந்த இடம் வந்தபோது இரண்டு பேரும் பேசவில்லை.

அக்காவிடம் பிரசாதத்தைக் கொடுத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வராகப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொடி, ஹெல்மெட், பிரேக் ஆயில் என்று நான் விவரமாகச் சொன்னது எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏன் தம்பி, அங்க எதுத்தாப்ல வண்டி வராதா?"

"வராதுக்கா. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"அப்படின்னா போயிட்டு வரட்டும்."